தவறக்கூடிய கையில் தூக்குக் கயிறு எதற்கு?

நடுவர் அவர்களே, இரு அணிகளிலும் அமர்ந்திருக்கும் பேச்சாளர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

மரண தண்டனை சமூகத்துக்குத் தேவையா, தேவையில்லையா என்பது இன்றைய தலைப்பு. தேவையில்லை என்ற அணிக்காக நான் பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி ஒரு கேள்வி கேட்டுவிட்டு அமர்ந்தார். "பெற்ற மகளைச் சிதைத்துக் கொன்றவன் உயிரோடு இருக்கட்டும் என்று அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா?" என்றார். அரங்கமே கைதட்டியது. தட்டியதில் தவறில்லை. அந்தக் கோபம் நியாயமானது, எனக்கும் அது இருக்கிறது. அந்தத் தாய்க்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவன்தான் செய்தான் என்று யார் சொன்னது? எதை வைத்துச் சொன்னார்கள்? சொன்னவர்கள் எத்தனை முறை தவறியிருக்கிறார்கள்?

எதிரணியில் மூன்று பேர் பேசிவிட்டார்கள். மூவருமே குற்றவாளி யார் என்பது முடிந்துபோன விஷயம் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்கினார்கள். "கொலைகாரனுக்கு", "அந்தக் கொடியவனுக்கு" என்றே ஆரம்பித்தார்கள். வழக்கு அங்கிருந்து தொடங்குவதில்லை ஐயா. ஒரு பிணம், ஊரின் கொந்தளிப்பு, "சீக்கிரம் பிடி" என்று மேலிருந்து வரும் நெருக்கடி, கையில் சிக்கிய ஒரு மனிதன். வழக்கு தொடங்குவது இப்படித்தான்.

1949ஆம் ஆண்டு. லண்டனில் ரில்லிங்டன் பிளேஸ் என்ற தெருவில் பத்தாம் எண் வீடு. மேல் மாடியில் டிமதி எவன்ஸ் என்ற இளைஞர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தார். சரியாக எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த மனைவியும் குழந்தையும் கொலை செய்யப்பட்டார்கள். காவல்துறையிடம் எவன்ஸ் ஒன்றுக்கொன்று முரணாகப் பல வாக்குமூலங்கள் கொடுத்தார். அவற்றில் ஒன்று ஒப்புதல் வாக்குமூலம். பிறகு, "நான் செய்யவில்லை, கீழ் வீட்டில் இருக்கும் ஜான் கிறிஸ்டிதான் செய்தார்" என்று நீதிமன்றத்தில் சொன்னார். அந்தக் கிறிஸ்டி யார் தெரியுமா? அரசுத் தரப்பின் முக்கியமான சாட்சி. போர்க்காலத்தில் காவலராக வேலை பார்த்தவர், கோர்வையாகப் பேசத் தெரிந்தவர். ஒரு பக்கம் மாற்றி மாற்றிப் பேசும் எவன்ஸ், இன்னொரு பக்கம் நிதானமாகச் சாட்சி சொல்லும் கிறிஸ்டி. ஜூரிகள் யாரை நம்பியிருப்பார்கள்? விசாரணை மூன்று நாளில் முடிந்தது. ஜூரிகள் முடிவெடுக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. 1950 மார்ச் 9 அன்று பென்டன்வில் சிறையில் எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே வீட்டில், கிறிஸ்டி இருந்த பகுதியின் சமையலறைச் சுவருக்குப் பின்னால் மூன்று பெண்களின் உடல்கள் கிடைத்தன. தரைப் பலகைக்கு அடியில் கிறிஸ்டியின் மனைவியின் உடல். எவன்ஸின் மனைவியைக் கொன்றதும் தான்தான் என்று கிறிஸ்டி ஒப்புக்கொண்டார். 1953 ஜூலையில் அதே பென்டன்வில் சிறையில், எவன்ஸுக்குக் கயிறு மாட்டிய அதே ஆல்பர்ட் பியர்பாயின்ட் என்ற ஆள் கிறிஸ்டிக்கும் கயிறு மாட்டினார். எவன்ஸுக்கு 1966இல் அரசு மன்னிப்பு வழங்கியது. அப்போது அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

நடுவர் அவர்களே, இந்த வழக்கில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அந்த நான்கு பெண்களும் எவன்ஸைத் தூக்கிலிட்ட பிறகு கொல்லப்பட்டவர்கள். கொலைகாரன் சாட்சிக் கூண்டில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனான், மீண்டும் கொன்றான். பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் நின்று பேசுவதாக எதிரணி சொல்கிறது. தவறான ஆளைத் தூக்கில் போட்ட ஒவ்வொரு முறையும் சரியான ஆளைத் தேடும் வேலையை அரசு நிறுத்திவிடுகிறது. கோப்பு மூடப்படுகிறது. இறந்துபோன அந்தப் பெண்களின் பக்கம் யார் நின்றது?

"அதெல்லாம் பழைய காலம், இப்போது தடயவியல் வளர்ந்துவிட்டது" என்று அடுத்து வருபவர் சொல்வார். சரி, நம் காலத்துக்கே வருவோம்.

ஜப்பானில் இவாவோ ஹகமாடா என்று ஒருவர். முன்னாள் குத்துச்சண்டை வீரர். சோயாவைப் புளிக்கவைத்து மிசோ தயாரிக்கும் ஆலையில் வேலை பார்த்தார். 1966 ஜூனில் ஆலை அதிகாரியின் குடும்பத்தில் நான்கு பேர் குத்திக் கொல்லப்பட்டார்கள், வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டது. ஹகமாடாவைப் பிடித்தார்கள். இருபது நாட்களுக்கு மேல், பல நாட்கள் பத்து மணி நேரத்துக்கும் அதிகமாக விசாரித்தார்கள், வழக்கறிஞர் பக்கத்தில் இல்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார். நீதிமன்றத்தில் மறுத்தார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, கொலை நடந்து ஓராண்டு இரண்டு மாதம் கழித்து, ஆலையின் மிசோத் தொட்டிக்குள்ளிருந்து இரத்தக் கறை படிந்த உடைகள் எடுக்கப்பட்டன. இவைதான் கொலைகாரன் அணிந்தவை என்றது அரசுத் தரப்பு. 1968இல் மரண தண்டனை. மேல்முறையீட்டின்போது அந்தக் கால்சட்டையை அவருக்கு மாட்டிப் பார்த்தார்கள். தொடைக்கு மேல் ஏறவில்லை. அப்படியும் தண்டனை நின்றது. 1980இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

அந்த உடைகளில் இருந்த கறை சிவப்பாக இருந்தது. ஓராண்டுக்கு மேல் மிசோவில் ஊறிய இரத்தம் சிவப்பாக இருக்குமா என்று அவருடைய வழக்கறிஞர்கள் சோதனை செய்து பார்த்தார்கள். கருத்துப்போனது. 2014இல் அவரை வெளியே விட்டார்கள். 2024 செப்டம்பரில், அவருடைய 88ஆவது வயதில், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. விசாரித்தவர்களே சாட்சியத்தைப் புனைந்திருக்கிறார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. முதல் தீர்ப்பை எழுதிய மூன்று நீதிபதிகளில் ஒருவரான நோரிமிச்சி குமமோட்டோ, "அவர் நிரபராதி என்றுதான் நான் நினைத்தேன், மற்ற இருவரும் ஒத்துக்கொள்ளவில்லை" என்று 2007இல் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.

ஜப்பானில் தூக்குக் கைதிக்குத் தேதி முன்கூட்டித் தெரியாது. அன்று காலையில்தான் சொல்வார்கள். தண்டனை உறுதியான நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் நடைக்கூடத்தில் கேட்கும் காலடிச் சத்தம் தன் அறை வாசலில் நிற்குமா, கடந்து போகுமா என்று காது கொடுத்தபடி அந்த மனிதர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். மனநிலை சிதைந்துபோனது. அவருடைய அக்கா ஹிதேகோ விடாமல் போராடினார், தீர்ப்பு வந்தபோது அவருக்கு 91 வயது. அந்த அக்கா இல்லாமல் போயிருந்தால்?

"பார்த்தீர்களா, கடைசியில் நீதி கிடைத்துவிட்டதே, அமைப்பு தன்னைத் தானே திருத்திக்கொள்கிறதே" என்பார்கள் எதிரணியினர். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஹகமாடாவைக் காப்பாற்றியது அமைப்பா? ஒரு அக்காவின் ஆயுள் முழுவதும் அதில் செலவானது. அமெரிக்காவில் 1973 முதல் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்கள் குறைந்தது 200 பேர். 1976க்குப் பிறகு அங்கே நிறைவேற்றப்பட்ட மரண தண்டனைகள் ஏறத்தாழ 1,600. எட்டுப் பேரைக் கொன்றால், அதே வரிசையில் நின்ற ஒருவர் நிரபராதி என்று வெளியே வருகிறார். வெளியே வந்தவர்களில் பலருக்குப் பின்னால் ஒரு பிடிவாதமான வழக்கறிஞரோ, ஒரு பத்திரிகையாளரோ, ஒரு சட்டக் கல்லூரியின் மாணவர் குழுவோ இருந்தது. அப்படி யாரும் வாய்க்காதவர் என்ன ஆனார் என்பது நமக்குத் தெரியாது. ஏனென்றால் ஆளைக் கொன்ற பிறகு வழக்கை மறுபடி திறப்பதற்கு யாரும் வருவதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். ராஜீவ் காந்தி கொலை வழக்கு. 1998 ஜனவரியில், தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. ஒருவர் பாக்கியில்லை. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதே சாட்சியங்களைப் பார்த்தது. 19 பேர் விடுதலை. மூன்று பேருக்கு ஆயுள். நான்கு பேருக்குத் தூக்கு. பதினாறு மாதத்தில் 26 நான்காகிவிட்டது. அந்த நால்வரும் பிறகு தூக்கிலிருந்து தப்பினார்கள், 2022க்குள் ஏழு பேருமே வெளியே வந்துவிட்டார்கள். அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே 2013இல் என்ன சொன்னார்? வெடிகுண்டில் பயன்பட்டதாகச் சொல்லப்பட்ட பேட்டரியை எதற்காக வாங்கிக் கொடுத்தோம் என்று தனக்குத் தெரியாது என அந்த இளைஞர் சொன்னதை, வாக்குமூலத்தில் தான் எழுதாமல் விட்டதாகச் சொன்னார். அந்த ஒரு வரிதான் அங்கே உயிர். அது விடுபட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று தேதியே குறித்துவிட்டார்கள். பத்து நாளுக்கு முன்னால் சென்னை உயர் நீதிமன்றம் தடை கொடுத்திருக்காவிட்டால், அந்த அதிகாரியின் மனசாட்சி 2013இல் யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

அந்த வழக்கில் செத்துப்போனவர்களுக்காகவும் குடும்பங்கள் இன்னும் அழுகின்றன என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உண்மையைக் கண்டுபிடிக்கும் வேலை இன்னும் கவனமாக நடந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மகாராஷ்டிராவில். 2003இல் நாசிக் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். கொடூரமான குற்றம், கேட்டால் நம் இரத்தம் கொதிக்கும். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு ஏழைகளைப் பிடித்தார்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதில் மூன்று பேருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் மாற்றித் தூக்காக்கியது. 2019இல் அதே உச்ச நீதிமன்றம் மறுபடி பார்த்து ஆறு பேரும் நிரபராதிகள் என்றது. ஏன்? சம்பவத்தில் உயிர் தப்பிய சாட்சி, காவல்துறை காட்டிய புகைப்படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவே இல்லை. அந்த ஆறு பேரில் ஒருவர் குற்றம் நடந்தபோது சிறுவன் என்பதும் தெரியவந்தது. பதினாறு ஆண்டுகள் போய்விட்டன. ஆளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னார்கள். உயிரோடு இருந்ததால் வாங்கிக்கொள்ள முடிந்தது.

நடுவர் அவர்களே, தவறான ஆளைப் பிடிப்பது பாதிச் சிக்கல்தான். ஆள் சரியாகவே இருக்கட்டும். குற்றம் செய்தது உறுதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது யார் சாக வேண்டும், யார் பிழைக்க வேண்டும் என்று நியாயமாகத் தேர்ந்தெடுக்கிறோமா?

1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது. அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டுமே மரண தண்டனை, குற்றத்தை மட்டுமல்லாமல் குற்றவாளியின் சூழ்நிலையையும் பார்க்க வேண்டும் என்றது. ஐந்து நீதிபதிகளில் பகவதி மட்டும் மாறுபட்டார். எந்த அமர்வில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து உயிர் போகும், பிழைக்கும். இது சமத்துவத்துக்கு எதிரானது என்பது அவருடைய வாதம். அவர் மிகைப்படுத்தவில்லை என்பதற்கு ஒரு வழக்கு போதும். எதிரணியினர் இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ள வேண்டும், கடைசியில் இதைப் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு கொலை வழக்கு. ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்று மூன்று பேர். ஒரே குற்றம், சமமான பங்கு. மூவருக்கும் தூக்கு. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், தனித்தனி அமர்வுகளுக்கு முன்னால் வந்தது. ஜீதா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடி. காஷ்மீரா சிங்கின் மனுவை வேறு அமர்வு கேட்டது, 1977இல் ஆயுளாகக் குறைத்தது. ஹர்பன்ஸ் சிங்கின் மனு 1978இல் தள்ளுபடி. கூட்டாளி ஒருவருக்குத் தண்டனை குறைந்திருக்கிறது என்ற செய்தி அந்த அமர்வின் கவனத்துக்கே போகவில்லை. ஜீதா சிங்குக்கும் ஹர்பன்ஸ் சிங்குக்கும் 1981 அக்டோபர் 6 அன்று தூக்கு என்று நாள் குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ஒரு ரிட் மனு போட்டார், தடை கிடைத்தது. ஜீதா சிங் அப்படி மனு எதுவும் போடவில்லை. அன்று காலையில் அவரைத் தூக்கிலிட்டார்கள்.

பிறகுதான் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு மூன்று கோப்புகளையும் சேர்த்துப் பார்த்தது. ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஒருவர் பிணம், இருவர் உயிர். குற்றத்தில் வேறுபாடு கிடையாது. மனு எந்த ஆண்டு எந்த அறைக்குப் போனது, யார் வழக்கறிஞர், கடைசி வாரத்தில் ஒரு காகிதம் தாக்கல் ஆனதா இல்லையா, இவைதான் வேறுபாடு. இந்த வழக்கை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த அக்டோபர் காலையில் ஜீதா சிங்குக்கு ஒரு நல்ல வழக்கறிஞர் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

இது ஒரு தடவை நடந்த கோளாறு என்று நினைக்க வேண்டாம். 1996இல் ராவ்ஜி என்பவரின் வழக்கில், குற்றத்தைப் பார்த்தால் போதும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்ற பொருள்படத் தீர்ப்பு வந்தது. பச்சன் சிங் தீர்ப்புக்கு அது நேர் எதிர். ராவ்ஜியைத் தூக்கிலிட்டார்கள். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2009இல், அந்தத் தீர்ப்பு சட்டத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குள் அதை முன்னுதாரணமாக வைத்து வேறு பலருக்கும் தூக்கு விதித்தாகிவிட்டது. அப்படித் தவறாகத் தண்டிக்கப்பட்ட 13 பேரைக் காப்பாற்றுங்கள் என்று 2012இல் ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்கள். எழுதியவர்கள் நீதிபதிகள் என்பதை எதிரணி கவனிக்க வேண்டும்.

எதிரணித் தலைவர் மனுநீதிச் சோழனை அழைத்து வந்தார். நல்ல உதாரணம், நானும் அதையே எடுத்துக்கொள்கிறேன். கதையில் அந்த அரசன் தேர்க்காலில் இட்டது யாரை? தன் சொந்த மகனை, இளவரசனை. தில்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இந்தியாவின் தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 74 சதவீதத்துக்கும் மேல் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். 76 சதவீதம் பேர் பிற்படுத்தப்பட்ட, ஒடுக்கப்பட்ட சமூகங்களையும் மதச் சிறுபான்மையினரையும் சேர்ந்தவர்கள். இளவரசர்கள் அந்த வரிசையில் இல்லை. வசதி உள்ளவர் கொலை செய்வதே கிடையாதா? உண்டு. அவருக்கு முதல் நாளே வழக்கறிஞர் வந்துவிடுகிறார். காவல் நிலையத்தில் என்ன பேச வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது. ஏழைக்குச் சட்ட உதவி வழக்கறிஞர் வருவதற்குள் ஒப்புதல் வாக்குமூலம் முடிந்துவிடுகிறது. பிறகு குறுக்கு விசாரணையில் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை மேல்முறையீட்டில் போய்க் கேட்க முடியாது. அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வில், 2000க்கும் 2015க்கும் இடையில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் கடைசி வரை நின்றவை 5 சதவீதத்துக்கும் குறைவு. நான்கில் ஒருவருக்கு மேல் விடுதலையே ஆகியிருக்கிறார்கள். நூறு முறை "சாகட்டும்" என்று சொல்லி, தொண்ணூற்றைந்து முறை அந்தச் சொல்லைத் திரும்பப் பெறும் அமைப்பு இது.

அமெரிக்காவிலும் இதே கதைதான், அங்கே நிறம். ஜார்ஜியா மாநிலத்தில், கொல்லப்பட்டவர் வெள்ளையராக இருந்தால் மரண தண்டனை விழும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் என்று ஆய்வு காட்டியது. 1987இல் அதை வைத்து வந்த மெக்கிளெஸ்கி வழக்கை அவர்களுடைய உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தள்ளியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வு பெற்ற பிறகு, எந்தத் தீர்ப்பையாவது மாற்ற நினைக்கிறீர்களா என்று கேட்டபோது இந்த வழக்கைத்தான் சொன்னார். மெக்கிளெஸ்கியை 1991இல் மின்சார நாற்காலியில் கொன்றுவிட்டார்கள்.

சரி, அந்தத் தாய்க்கு வருகிறேன்.

அம்மா, உங்கள் மகளுக்கு நடந்ததற்கு ஈடு எதுவும் கிடையாது. அப்படி இருக்கிறது என்று சொல்கிறவர் உங்களை ஏமாற்றுகிறார். அரசு உங்களுக்குச் செய்ய வேண்டிய கடமைகள் இருக்கின்றன. உங்கள் புகாரை அன்றைக்கே பதிவு செய்ய வேண்டும், "காலையில் வா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. மருத்துவப் பரிசோதனை உடனே நடக்க வேண்டும். மாதிரிகள் தடயவியல் கூடத்தில் மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது. சாட்சி சொல்ல வந்தவரை யாரும் மிரட்டிப் பிறழ்சாட்சி ஆக்கக் கூடாது. வழக்கு பத்து வருடம் இழுக்கக் கூடாது. இதில் எதை இன்று செய்கிறோம்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2019இல் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் தண்டனை கிடைத்த விகிதம் 27.8 சதவீதம். விசாரணை முடிந்த நூறு வழக்கில் எழுபதுக்கும் மேல் தண்டனையே இல்லை. அந்த எழுபது தாய்மார்களுக்கு அரசு என்ன கொடுத்தது? எங்கோ ஒரு வழக்கில் நான்கு பேரைத் தூக்கில் போட்ட செய்தியைக் கொடுத்தது.

2020 மார்ச் 20 அதிகாலையில் தில்லியின் நிர்பயா வழக்கில் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். நாடே விழித்திருந்து பார்த்தது. இனி பயம் வரும் என்றார்கள். 2019இல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்குகள் 32,033. ஊரடங்கு ஆண்டான 2020இல் குறைந்தது. 2021இல் மறுபடி 31,677. 2022இல் 31,516. பயம் எங்கே வந்தது? குற்றம் செய்கிறவன் தண்டனையின் அளவை நினைத்துப் பார்ப்பதில்லை, மாட்டிக்கொள்வோமா என்றுதான் பார்க்கிறான். மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியத்தை அந்த 27.8 சதவீதம் கொடுக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இந்தக் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் தெரிந்தவர்களே செய்பவை. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்பத்துக்கு வேண்டியவர். 2018இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மீதான வன்கொடுமைக்கு மரண தண்டனை வரை சட்டம் கொண்டுவந்தோம். நல்லெண்ணம்தான். ஆனால் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சித்தப்பாவைப் பற்றி ஒரு குழந்தை வாய் திறந்தால், "அவர் தூக்குக்குப் போய்விடுவார், குடும்பமே அழிந்துவிடும், பேசாமல் இரு" என்று அந்தக் குழந்தையின் வாயைப் பொத்தும் கைகள் வீட்டிலேயே இருக்கின்றன. குற்றவாளியின் பக்கமும் யோசியுங்கள். விட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், சாட்சியாக மிஞ்சியிருக்கும் அந்தக் குழந்தையை அவன் ஏன் உயிரோடு விடுவான்? குழந்தையைக் காப்பாற்ற எழுதிய சட்டம் குழந்தையின் உயிருக்கே எமனாகலாம்.

பயத்தைப் பற்றி எதிரணி நிறையப் பேசியது, நான் சுருக்கமாக முடிக்கிறேன். கனடா 1976இல் கொலைக்கு மரண தண்டனையை ஒழித்தது. அதற்கு முந்தைய ஆண்டு லட்சம் பேருக்கு மூன்று என்றிருந்த கொலை விகிதம் 1990களின் இறுதியில் இரண்டுக்கும் கீழே போனது. தண்டனையை நீக்கியதால் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. நீக்கினால் கூடிவிடும் என்றார்களே, கூடவில்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம், முப்பது ஆண்டு ஆய்வுகளைத் துருவிப் பார்த்துவிட்டு, மரண தண்டனை கொலையைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு இவற்றை வைத்து விடை சொல்லவே முடியாது என்று 2012இல் கூறியது. விடை தெரியாத மருந்தை உயிரை எடுக்கும் அளவில் கொடுக்கலாமா?

"மும்பையில் துப்பாக்கியோடு நின்றதை உலகமே படத்தில் பார்த்ததே, அவனுக்குமா சந்தேகத்தின் பலன்?" என்று ஒரு கேள்வி வந்தது. எங்கள் அணிக்கு இதுதான் கடினமான கேள்வி, அதை நான் சுற்றி வளைக்கப் போவதில்லை. 2008 மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அந்தக் கசாப் செய்தார் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சட்டத்தில் "உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும்" என்று ஒரு பிரிவு எழுத முடியாது ஐயா. எவன்ஸின் ஜூரிகளுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஹகமாடாவுக்கு எதிராக மூன்று கட்ட நீதிமன்றங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது. நாசிக் வழக்கின் ஆறு பேர் விஷயத்திலும் உறுதியாகத் தெரிந்தது. தவறான தீர்ப்பு ஒவ்வொன்றிலும் "சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டது" என்றுதான் எழுதியிருக்கிறது. படத்தில் சிக்கியவனுக்காக நாம் திறந்து வைக்கும் அதே கதவு வழியாகத்தான் படத்தில் சிக்காத அப்பாவியும் உள்ளே தள்ளப்படுகிறான். தவிர, மும்பைக்கு வந்தவர்கள் பத்துப் பேர். சாகத் தயாராகவே வந்தார்கள். அப்படி வருகிறவர்களை எந்தக் கயிற்றைக் காட்டித் தடுப்பது?

"சிறையில் வைத்து ஆயுள் முழுவதும் சோறு போட வேண்டுமா?" என்று கேட்டார்கள். மரண தண்டனைக் கைதிக்கும் பத்து, பதினைந்து, இருபது ஆண்டுகள் அந்தச் செலவு ஆகத்தான் செய்கிறது. ஆபத்தானவர் வெளியே வரக் கூடாது என்பதுதான் கவலை என்றால், தண்டனைக் குறைப்பே இல்லாமல் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளோ வாழ்நாள் முழுவதுமோ சிறையில் வைக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு வழி சொல்லிவிட்டது. சமூகம் பாதுகாப்பாக இருக்கும். பத்து ஆண்டு கழித்து உண்மை வேறு என்று தெரிந்தால் கதவைத் திறந்து விடவும் முடியும். உலகில் 113 நாடுகள் எல்லாக் குற்றங்களுக்கும் மரண தண்டனையை ஒழித்துவிட்டன. அங்கே வாழ்கிற தாய்மார்களுக்குப் பிள்ளைப் பாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா?

மணி அடித்துவிட்டது, முடிக்கிறேன் நடுவர் அவர்களே. எதிரணியில் அடுத்துப் பேச வருபவரிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங், மூன்று பேர். அதே குற்றம், அதே சாட்சியம், அதே சட்டம். ஜீதா சிங் மட்டும் ஏன் சாக வேண்டியிருந்தது என்பதற்கு நியாயமான ஒரு காரணத்தை அவர் இந்த மேடையில் சொல்லட்டும். கோபத்தைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ வேண்டாம், அந்த ஒரு மனிதரைப் பற்றி மட்டும் சொல்லட்டும். அதற்குப் பதில் வரவில்லை என்றால், மரண தண்டனை தேவையில்லை என்று எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.